[கலைச்சொல்] மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கு ஒரு சொல்

அனுப்புநர்: வீட்டுப் பராமரிப்புச் செவிலியர், யாங்கோன்

எல்லாருக்கும் வணக்கம்.

புற்றுநோய் முற்றிய நிலையில் வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு ஒரு தாள் தயாரிக்கிறோம். முன்பக்கம் பர்மியம், பின்பக்கம் தமிழ். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பர்மியப் பக்கம் முடிந்தது. தமிழில் தலைப்பிலேயே நிற்கிறேன்.

மார்ஃபின், கோடீன், டிரமடால், ஃபென்டனில் பட்டை எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். மூளையிலும் தண்டுவடத்திலும் வலியை அடக்கும் இவை குடல் சுவர் நரம்புகளிலும் போய் வேலை செய்கின்றன. குடலின் அசைவு மந்தமாகிறது, மலத்தில் உள்ள நீர் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது, ஆசனவாய்த் தசை இறுகுகிறது. மார்ஃபின் தொடங்கியதும் வரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் பழகிப்போகும். இது மட்டும் பழகாது. மருந்து சாப்பிடும் வரை கூடவே இருக்கும். அதனால்தான் முதல் வேளை மார்ஃபினோடு சென்னா மாத்திரை போன்ற மலமிளக்கியையும் தொடங்கச் சொல்கிறோம்.

வீட்டில் நடப்பது வேறு. "சிக்கல்தானே" என்று வாழைப்பழமும் பப்பாளியும் கொடுக்கிறார்கள். ஒரு வீட்டில் இசப்கோல் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா நாள் முழுக்கக் குடித்ததே இரண்டு டம்ளர் தண்ணீர்தான். நீர் போதாதவருக்கு அது குடலில் கெட்டியாகி அடைத்துவிடும். வயிறு கல்லாகிவிட்டது என்று பயந்து மகன் மார்ஃபினையே நிறுத்திவிட்டார். மலமும் இறங்கவில்லை, வலியும் திரும்பிவிட்டது.

"இது சாப்பாட்டால் வந்ததல்ல, மருந்தால் வந்தது, மருந்தை நிறுத்தாமலே சரிசெய்யலாம்" என்று தலைப்பைப் படித்ததும் தெரியவேண்டும். அதற்கு ஒரு சொல் கொடுங்கள்.

———

அனுப்புநர்: தமிழாசிரியர், மோல்மேன்

சகோதரிக்கு வணக்கம். 'மலக்கட்டு' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வைத்தியச் சொல், ஊரிலும் புழங்குவது. பர்மியத்தில் 'வுன் ச்சோக்' என்கிறார்களே, அதிலும் 'வுன்' வயிறு, 'ச்சோக்' கட்டுவது, இறுக்குவது. இரு மொழியும் ஒரே நோயை ஒரே மாதிரி பார்த்திருக்கின்றன. தாளின் இரு பக்கமும் ஒன்றுபோல அமையும். பேரன் பர்மியத்தில் படித்துச் சொன்னாலும் பாட்டிக்குத் தமிழில் அதே பொருள் போய்ச் சேரும்.

இதோடு நிறுத்தலாம், ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். இந்த உறுப்பு, இந்தக் கழிவு பற்றிப் பேச நம் மரபு தனி வழியே வகுத்திருக்கிறது. நன்னூல் தகுதி வழக்கு மூன்றில், சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலை முதலில் வைக்கிறது. தொல்காப்பியர் இன்னும் ஒரு படி மேலே. 'ஆப்பி' (பசுவின் சாணம்) என்ற சொல்லுக்குப் புணர்ச்சி விதி சொல்லவேண்டிய இடத்தில், 'பீ' என்று எழுதாமல் 'ஈகார பகரம்' என்று எழுத்துப் பெயராலேயே கடந்துவிடுகிறார். ஆகவே தலைப்பில் 'மலம்' என்று கொட்டை எழுத்தில் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கவேண்டும். 'மருந்துக்கட்டு' என்று வைத்தால் அடக்கமாகவும் இருக்கும், காரணமும் சொல்லும்.

———

அனுப்புநர்: தனித்தமிழ் அன்பர், பெகு

'மலம்' வடசொல். அதை வைத்துக்கொண்டு புதுச்சொல் ஆக்குவது, பழைய சுவரில் புது மாடி எழுப்புவது போல. 'மார்ஃபின்' இன்னும் மோசம். அந்த மருந்துக் குடும்பத்துக்கு 'அபினியம்' என்று பெயரிடுவோம். நோய்க்கு 'அபினியக் கட்டு'. நான்கைந்து முறை படித்தால் பழகிவிடும். 'மருத்துவமனை' என்ற சொல்லும் ஒருகாலத்தில் புதிதுதான்.

———

அனுப்புநர்: தமிழாசிரியர், மோல்மேன்

ஐயா, 'அபின்' அரபு 'அஃப்யூன்' வழி வந்தது. அதற்கும் மூலம் கிரேக்கம், கசகசாச் செடியின் பாலைக் குறித்த சொல். வடசொல்லை வாசலில் நிறுத்திவிட்டு கிரேக்கச் சொல்லை நடுக்கூடத்தில் உட்கார வைப்பது என்ன முறை?

———

அனுப்புநர்: ஓய்வுபெற்ற எழுத்தர், தட்டோன்

'சிக்கல்' என்ற சொல்லை ஏன் எல்லாரும் தள்ளுகிறீர்கள்? என் தாத்தா நாகப்பட்டினம் பக்கத்துச் சிக்கலிலிருந்து கப்பல் ஏறியவர். வசிட்டர் வெண்ணெயால் இலிங்கம் பிடித்து வழிபட்டு, பிறகு எடுக்கப் பார்த்தபோது அது சிக்கிக்கொண்டது, அதனால் ஊர் சிக்கல் என்பது தலபுராணம். சிக்குவது என்றால் நகராமல் நிற்பது. குடலில் நடப்பதும் அதுதான். எங்கள் சைவத்தில் மலம் என்றாலே கட்டு, பாசம் என்றாலும் கட்டு. 'மலக்கட்டு' என்றால் உயிரைப் பிணைக்கும் ஆணவமலம் நினைவுக்கு வரும் ஆட்கள் இங்கே இன்னும் இருக்கிறோம்.

இன்னொன்று. சென்னா மாத்திரை என்கிறீர்களே, அது நம் நிலாவரைதான். தசௌங்மோன் பௌர்ணமி இரவில் பர்மியர்கள் மெஸலி மொட்டைப் பறித்துக் கலவை செய்து சாப்பிடுகிறார்களே, அதுவும் அதே இனத்து மரம். தாளில் அதைச் சேர்த்தால் இந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

———

அனுப்புநர்: மருத்துவர், யாங்கோன்

மெஸலி நல்ல உணவு. ஆனால் மாத்திரைக்குப் பதில் ஆகாது, அளவு நம் கையில் இல்லை. தாளில் வேண்டாம்.

சிலர் எனக்குத் தனியாக 'வலிமருந்து மலச்சிக்கல்' என்று எழுதியிருந்தார்கள். பாராசிட்டமாலும் வலிமருந்துதான், அது இதைச் செய்யாது. 'மார்ஃபின்' என்று போட்டால் டிரமடால் சாப்பிடுபவர் தனக்கில்லை என்று தாளை மடித்து வைத்துவிடுவார். 'மார்ஃபின்வகை' என்பதே சரி.

எந்தச் சொல் வந்தாலும் கீழே இது வரவேண்டும்: வாந்தி, வயிறு உப்புதல், விட்டுவிட்டு முறுக்கும் வலி, காற்றுக்கூடப் பிரியாமை என்றால் அது குடலடைப்பாக இருக்கலாம், மலமிளக்கியை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடவேண்டும். மலம் போகாததோடு கால் பலவீனமோ சிறுநீர் இறங்காததோ சேர்ந்தால் தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்று பார்க்கவேண்டும், அதிலும் தாமதம் கூடாது. ரத்த அணுக்கள் குறைந்திருப்பவருக்குக் கேட்காமல் எனிமா வைக்கக் கூடாது.

———

அனுப்புநர்: செவிலியர், யாங்கோன்

வாத்தியார் ஐயா, 'மருந்துக்கட்டு' என்றால் புண்ணுக்குப் போடும் கட்டு. எங்கள் நோயாளிகளில் பலருக்கு மார்பிலோ வாயிலோ புண் இருக்கிறது, தினமும் அந்தக் கட்டை மாற்றுகிறோம். அதே சொல் இரண்டுக்கும் ஆகாது.

பெகு ஐயாவுக்கு: 'அபினி' என்ற எழுத்து தாளில் எங்கே வந்தாலும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். "சயாமா (அம்மா), அப்பாவை அபினிக்காரன் ஆக்கப் பார்க்கிறீர்களா" என்று கேட்ட வீடுகள் உண்டு. இந்த நாட்டில் அபின் என்றால் என்ன நினைப்பு வரும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பெயரால் ஒருவர் வலியோடு கிடக்கக் கூடாது.

தலைப்பைவிட எனக்கு முக்கியமான இன்னொரு சொல் வேண்டும். மலம் உள்ளே இறுகி அடைத்து நிற்கும்போது, அதைச் சுற்றி நீர்போல் மலம் கசிந்து துணியில் படும். வீட்டார் பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிட்டு, பேதியைக் கட்டும் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். அடைப்பு இன்னும் இறுகுகிறது. இதற்கு என்ன சொல்லலாம்?

———

அனுப்புநர்: தட்டோன்

பொய்ப்பேதி.

———

அனுப்புநர்: தமிழாசிரியர், மோல்மேன்

பொய்ப்பேதி நன்று. 'போலிப்பேதி' என்றும் நினைத்தேன், பொய் என்பதுதான் எச்சரிக்கும்.

———

அனுப்புநர்: பெகு

'பேதி'யும் வடசொல். 'பொய்க்கழிச்சல்' எனலாம். ஆனால் 'பொய்ப்பேதி'க்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

———

அனுப்புநர்: தாயைப் பார்த்துக்கொள்ளும் மகள், யாங்கோன்

நான் இதுவரை எழுதியதில்லை, படிப்பதோடு சரி. என் அம்மா 'மலச்சிக்கல்' என்றுகூடச் சொல்லமாட்டார். "வெளிக்கு இறங்கல" என்பார். காலையில் கஞ்சி குடித்த கொஞ்ச நேரத்தில் உட்கார வைத்து, காலடியில் சின்ன மணை போட்டு முழங்காலை உயர்த்தினால் இறங்குகிறது. செவிலியர் அக்கா சொன்ன மாத்திரையை இரவில் மார்ஃபினோடு ஒரே டப்பாவில் வைத்திருக்கிறேன், மறக்காமல் இருக்க. தாளில் "இரண்டையும் ஒரே டப்பாவில் வையுங்கள்" என்று போட்டால் போதும். தலைப்பு எதுவானாலும் நாங்கள் புரிந்துகொள்வோம்.

———

அனுப்புநர்: செவிலியர், யாங்கோன்

அச்சகம் கேட்டுவிட்டது. தலைப்பு: 'மார்ஃபின்வகை மருந்தும் மலச்சிக்கலும்'. அடியில் மருந்துப் பெயர்கள் நான்கும் வரும். உள்ளே 'பொய்ப்பேதி' கட்டம் கட்டி வருகிறது. 'பேதி மருந்து' என்ற சொல் எங்கேயும் இல்லை. சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடித்த பயம் பெரியவர்களுக்கு இன்னும் இருக்கிறது. 'மலமிளக்கி' மட்டுமே. மகள் சொன்ன டப்பாவும் மணையும் அப்படியே சேர்ந்துவிட்டன. மூன்று நாள் மலம் போகாவிட்டால் காத்திருக்காமல் கூப்பிடவும் என்று கடைசி வரி.

———

அனுப்புநர்: தமிழாசிரியர், மோல்மேன்

அச்சுக்குப் போகட்டும். 'உம்' போட்டு இரண்டு பெயரை இணைத்தது தலைப்புத்தான், கலைச்சொல் இல்லை. 'மலக்கட்டு' மீது என் கோரிக்கை அடுத்த பதிப்புக்கு நிற்கிறது.

———

அனுப்புநர்: பெகு

எனக்கும் உடன்பாடு இல்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க ஒரு கட்டுத் தாள் அனுப்பி வையுங்கள்.