அசுர வீரன், சூனியக்காரி: கதையில் ஒரு முடிச்சு, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமானுஷ்யக் காதல் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி சூனியக்காரி. நாயகன் பல நூற்றாண்டுகள் போர் செய்த அசுரன். அவன் கொன்றவர்களின் கடைசிக் குரல்கள் இரவெல்லாம் அவன் தலைக்குள் கேட்கும். அவள் தொட்டால் மட்டும் அடங்கும்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். நிம்மதிக்காக அவளைத் தேடி வருகிறானா, அவளுக்காகவே வருகிறானா? அவனுக்கே தெரியவில்லை. மந்திரம் வலியை முழுசாகப் போக்கிவிட்டால் காதல் வெறும் வைத்தியமாகிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை. செய்த பாவத்துக்கு அவனே பொறுப்பேற்க வேண்டும். அதனால் அவள் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு குரல் அவளுக்குள் குடியேறுகிறது என்று வைத்திருக்கிறேன். அவள் அதை மறைக்கிறாள். இது அவனுக்கு எப்போது தெரியலாம்? கதையின் நடுவிலா, கடைசியிலா?

அப்புறம் ஒரு சொல் சிக்கல். 'சூனியக்காரி' வசவாகவே காதில் விழுகிறது, 'மந்திரக்காரி' பரவாயில்லை. 'பேய்' என்றால் அவன் செத்தவனாகிவிடுகிறான். மகாபாரதத்தில் பீமனும் அரக்கி இடும்பியும் மணந்த கதை நமக்குப் பழக்கம்தானே, 'அரக்கன்' என்றே எழுதலாமா? இந்த வகைக் கதைகளை விரும்பிப் படிப்பவர்கள் அவசியம் சொல்லுங்கள்.