லிலி பார்ட் மாதிரி கதைகள் வேறு இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி. ஈடித் வார்ட்டன் 1905-ல் எழுதிய 'தி ஹவுஸ் ஆஃப் மிர்த்' முடித்து நாலு நாளாகியும் மனசு ஆறவில்லை. நியூயார்க் பணக்கார வீடுகளில் விருந்தாளியாக வளைய வந்த லிலி பார்ட், கடைசியில் தொப்பி தைக்கும் இடத்தில் வேலைக்கு உட்காருகிறாள். தைத்த ஜிகினா எல்லாம் கோணல் என்று மேற்பார்வைக்காரி கடிந்துகொள்ளும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அத்தை எழுதிவைத்த 10,000 டாலர் வந்த இரவே கடனுக்குக் காசோலை எழுதுகிறாள். அவளைப் போயா பழித்தார்கள்!

ஸ்டீபன் கிரேனின் 'மேகி' (1893), டிரைசரின் 'சிஸ்டர் கேரி' (1900) இரண்டும் படித்தாயிற்று. இப்படி வறுமையும் ஊர்ப்பேச்சும் சேர்ந்து நெருக்கும் அமெரிக்க நாவல்கள் வேறென்ன? தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் அவசியம் சொல்லுங்கள், அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.