புதுப்பிப்பு: ராத்திரி துணி டயப்பர், லைனர் விஷயம்

துணி டயப்பர் கட்டினால் விடிவதற்குள் பாப்பாவுக்கு அடியெல்லாம் ஈரம், தொடையோரம் கசிவு, எந்த லைனர் (தோலுக்கும் டயப்பருக்கும் நடுவில் போடும் மெல்லிய துணி) வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நிலைமை தேவலை.

லைனருக்கு மைக்ரோஃபிளீஸ் எடுத்தேன். பாலியஸ்டர் என்பதால் ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே இறக்கிவிடுகிறது. காலையில் கழற்றித் தொட்டுப் பார்த்தால் மேல்துணி லேசாகத்தான் சில்லென்றிருக்கும். அடியில் உள்ள, ஈரத்தை உறிஞ்சும் பட்டையைப் பிழிந்தால் சொட்டும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் மைக்ரோஃபைபர் வேறு சரக்கு. அதைத் தோலில் நேராகப் படவிடாதீர்கள், தோலையும் உலர்த்திவிடும்.

கசிவுக்குக் காரணம், உறிஞ்சுவதற்காக உள்ளே வைத்திருந்த மைக்ரோஃபைபர் பட்டைதான். சட்டென்று உறிஞ்சும், ஆனால் பாப்பா குப்புறப் படுத்து அழுத்தினால் அப்படியே வெளியே விட்டுவிடும். ஹெம்ப் (சணல் போன்ற ஒரு செடியின் நாரில் செய்த துணி) மெதுவாகக் குடித்தாலும் நிறையத் தாங்கும். மைக்ரோஃபைபருக்கு அடியில் ஹெம்ப் பட்டை ஒன்று வைத்ததும் கசிவு நின்றது. புது ஹெம்பை மட்டும் சில தடவை துவைத்த பிறகே பயன்படுத்துங்கள், இல்லையென்றால் தண்ணீரே இறங்காது. துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம், அது படிந்து உறிஞ்சலைக் கெடுக்கும்.

பகலில் அம்மாவின் ஏற்பாடுதான்: பழைய வேட்டித் துணி, நனைந்தால் உடனே மாற்று. அதில் எனக்கும் புகார் இல்லை, துவைப்பது அவர்தானே! ஹெம்ப் காயத்தான் நேரமாகிறது. மழைக்காலத்துக்குக் கூடுதலாக ஒரு செட் வாங்கப்போகிறேன்.