ஒப்பந்தமில்லாமல் முதல் 40-க்குள் வந்த கூப்பா

கேள்வி:
எந்த இசை நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லாத கூப்பா என்ற பிரிட்டிஷ் ராக் குழு, 2007-இல் அந்நாட்டுப் பாடல் விற்பனைத் தரவரிசையில் முதல் 40 இடங்களுக்குள் வந்ததாகப் படித்தேன். அது எப்படி இயன்றது? பிறகு அவர்கள் பெயர் ஏன் அடிபடவில்லை?

மறுமொழி 1:
எஸ்ஸெக்ஸ் வட்டாரத்தின் கோல்செஸ்டரைச் சேர்ந்த மூவர் குழு அது. பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் வகையின் சாயலே அதிகம். கடைக்கு இசைவட்டாக (சிடி போன்று) வரும் பாடல்களின் பதிவிறக்கங்களை மட்டுமே அதுவரை தரவரிசைக் கணக்கில் சேர்த்துவந்தார்கள். 2007 ஜனவரியில் அந்த நிபந்தனை நீங்கியதால், வட்டு அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்ப வசதியில்லாத குழுவும் போட்டியில் நிற்க முடிந்தது. அந்த மாதமே அவர்களுடைய 'பிளாக், ஸ்டீல் அண்ட் பாரோ' 31-ஆம் இடத்தைப் பிடித்தது.

மறுமொழி 2:
விதி மாறியதுதான் காரணம் என்று முடித்துவிடுவது நியாயமல்ல. அதே ஆண்டில் அடுத்த இரு பாடல்கள் 21, 16 என மேலேறின. வெறும் அதிர்ஷ்டம் மூன்று முறை வாய்க்காது.

மறுமொழி 3:
உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியல் அப்போது ஒரு வார விற்பனையை மட்டுமே அளந்தது. விசுவாசமான ரசிகர்கள் முதல் வாரத்திலேயே வாங்கி முடித்துவிட்டால், வானொலியில் தொடர்ந்து ஒலிக்கச் செய்யும் ஆள்பலம் இல்லாத குழு அடுத்த வாரமே சரியும். கூப்பா மங்கியதற்கும் அதுவே காரணம் என்பது என் கணிப்பு.