ஹாம்ப்டன் கோர்ட் பேலஸ்: அம்மா அப்பாவ கூட்டிட்டு ஒரே நாள்ல பாத்துட்டு வர முடியுமா?

குரோய்டன் அம்மு:
வணக்கம். திருச்சில இருந்து அம்மா அப்பா லண்டன் வந்திருக்காங்க. டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் வாசல் எல்லாம் ஆச்சு, இப்ப அப்பா ராஜா நெஜமா வாழ்ந்த எடத்த உள்ள போய் பாக்கணும்னு ஆசப்படறார், அதான் ஹாம்ப்டன் கோர்ட் போலாம்னு. அப்பாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. அம்மாவுக்கு தோட்டம்னா சாப்பாடு கூட வேணாம். பொண்ணுக்கு 7 வயசு. காலைல போய் சாயங்காலம் திரும்பற மாதிரி எத பாக்கலாம், எத விடலாம்? சாப்பாடு கட்டிட்டு போலாமா?

சர்பிட்டன்காரன்:
தாராளமா போங்க. குரோய்டன்ல இருந்து விம்பிள்டன் வரைக்கும் டிராம், அங்க ட்ரெயின் ஏறினா கடைசி ஸ்டேஷன் ஹாம்ப்டன் கோர்ட்தான், ஆய்ஸ்டர் கார்டு (பஸ், ட்ரெயினுக்கு தட்டற கார்டு) செல்லும். எறங்கி தேம்ஸ் பாலத்த தாண்டினா அரண்மனை, அஞ்சு நிமிஷ நடைதான். உள்ள முற்றம் எல்லாம் கல்லு பாவின தரை, முட்டி வலிக்காரங்களுக்கு அதுதான் கஷ்டம், அதனால வாசல்லயே வீல்சேர் கேட்டு வாங்கிடுங்க, கூச்சப்பட வேணாம்.

உள்ள எல்லாத்தையும் பாக்க நெனைக்காதீங்க, அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. எட்டாம் ஹென்றியோட கிரேட் ஹால், சமையல்கட்டு, அந்த வானியல் கடிகாரம், இந்த மூணு போதும். கடிகாரம் 1540ல செஞ்சது, சூரியன் பூமிய சுத்தற மாதிரி இருக்கும், லண்டன் பிரிட்ஜ்ல எப்ப தண்ணி ஏறும்னும் காட்டும், ஏன்னா ராஜா போக வர படகுதான். அப்பாவ அதுக்கு கீழ ஒரு பத்து நிமிஷம் உக்கார வைங்க. குளிர்காலத்துல வாரத்துல சில நாள் அரண்மனை பூட்டியிருக்கும், நான் ஒரு தடவ பாக்காம போய் திரும்பி வந்தேன், அதனால தேதி பாத்து டிக்கெட் போடுங்க. யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற உதவிப்பணம்) வாங்கறவங்களுக்கு 1 பவுண்ட் டிக்கெட் இருக்கு, தெரிஞ்சவங்களுக்கும் சொல்லுங்க.

நியூமோல்டன் அக்கா:
தங்கச்சி, நாங்கள் பிள்ளைகளோட ரெண்டு மூண்டு தரம் போனனாங்கள். சாப்பாடு கட்டாயம் கொண்டு போங்கோ, தோட்டத்துப் புல்லில இருந்து சாப்பிடலாம், நாங்கள் புட்டும் சம்பலும் கொண்டு போனனாங்கள். மகளுக்கு அந்த மேஸ் காணும், 1700 அளவில வில்லியம் ராசாவுக்கு வைச்ச செடிச்சுவர்ப் புதிர்வழி, உள்ளுக்கை போனா நடுவுக்குப் போய்ச் சேர இருபது நிமிசம் எடுக்கும், எங்கட சின்னவன் வெளியில வரவே மாட்டன் எண்டு நிண்டவன். அம்மாவுக்கு பிரிவி கார்டின், ராசாவின்ர சொந்தத் தோட்டம், 1702 இல இருந்த மாதிரியே 1995 இல திருப்பி அமைச்சிருக்கினம். நேரம் மிஞ்சினா றோட்டுக்கு அங்கால புஷி பார்க், காசில்லை, மான்கள் பக்கத்திலயே மேயும்.

இல்ஃபோர்டு ராஜன்:
ஒண்ண மட்டும் விட்டுடாதீங்க, கிரேட் வைன். 1768ல தோட்டக்கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுன் நட்ட திராட்சைக் கொடி, இன்னும் காய்க்குது! அந்த குச்சி எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா, எங்க இல்ஃபோர்டு வாலன்டைன்ஸ் மாளிகைலேர்ந்து. நான் தெனமும் நடக்கற பார்க்குங்க அது, மொத தடவ தெரிஞ்சப்போ கொடி இருக்கற கண்ணாடி வீட்டுக்குள்ள அப்படியே நின்னுட்டேன். அடிமரம் நம்ம ஊர் வேப்பமரம் மாதிரி முறுக்கிட்டு இருக்கும், மேல ஒத்த கொடி வீடு முழுக்க படர்ந்திருக்கும்.

இன்னொண்ணு, அரண்மனைக்கு எதிர்லயே ஃபாரடே ஹவுஸ். பஞ்சாப் கடைசி மகாராஜா துலீப் சிங்கோட மக சோஃபியா அங்கதான் இருந்தாங்க, விக்டோரியா ராணி குடுத்த வீடு. அதே விக்டோரியா குடும்பம் ஆண்டுட்டு இருந்தப்பவே, 1913ல அரண்மனை வாசல்லயே நின்னு பெண்கள் ஓட்டுரிமை பத்திரிகை வித்தாங்க. உங்க பொண்ணுகிட்ட இத கண்டிப்பா சொல்லுங்க.

குரோய்டன் அம்மு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சனிக்கிழம போய்ட்டு வந்துட்டோம். வீல்சேர் எடுத்தது ரொம்ப நல்லதா போச்சு. சமையல்கட்டுல அடுப்பு எரிஞ்சிட்டிருந்துச்சு, எங்க பாட்டி வீட்டு விறகடுப்பு வாசனனு அப்பா நகரவே இல்ல. ஆனா அம்மாதான். அந்த திராட்சை வீட்டுக்கு வெளில ஒரு பெரிய மண் பாத்தி, ஒரு புல்லு கூட இல்லாம கெடந்துச்சு, தோட்டம் இவ்ளோ அழகா வச்சிட்டு இத ஏன் சும்மா போட்டிருக்காங்கனு அங்க இருந்தவர்கிட்ட என்ன கேக்க சொன்னாங்க. கீழ முழுக்க அந்த கொடியோட வேர்தானாம், அதோட சத்த வேற எதுவும் இழுத்துடக்கூடாதுனு எதுவும் நடறதில்லையாம். அம்மா குனிஞ்சு அந்த மண்ண கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தாங்க, அப்புறம் "இருநூத்தம்பது வருஷமா எடம் விட்டு வச்சிருக்காங்க பாரு"ன்னாங்க.

பழம் செப்டம்பர்லதான் பறிச்சு அங்கயே கடைல விப்பாங்களாம், அதுக்குள்ள அம்மா அப்பா ஊருக்கு போயிடுவாங்க. ராஜன் அண்ணா, நீங்க வாங்கி சாப்பிட்டிருக்கீங்களா? தித்திப்பா இருக்குமா புளிப்பா இருக்குமானு அம்மா கேக்கறாங்க.