கிளவுட் டேப் பேக்கப்: கேட்வே மெஷினில் எவ்வளவு டிஸ்க் போடுவது?

ஆலை_ஐடி (சுங்கை சிப்புட்)

வணக்கம். செம்பனை எண்ணெய் ஆலை ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க நான் ஒருவன்தான். பழைய எல்டிஓ டேப் டிரைவ் போன மாதம் நின்றுவிட்டது. வாரா வாரம் டேப்பைப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) வீட்டு அலமாரியில் கொண்டுபோய் வைக்கிற பழக்கத்தையும் அதோடு விட்டுவிடலாம் என்று அமேசானின் டேப் கேட்வேயை (நிஜ டேப்புக்குப் பதிலாக டேட்டாவை அமேசான் கிளவுடுக்கு அனுப்பும் சாஃப்ட்வேர்) ஒரு மெஷினில் போட்டேன். பேக்கப் சாஃப்ட்வேர் அதை நிஜ டேப் லைப்ரரி என்றே எடுத்துக்கொண்டது, அதில் குறையில்லை. சிக்கல் டிஸ்கில்தான். குறைந்தபட்சம் எவ்வளவோ அவ்வளவே போதும் என்று கேஷுக்கு (திரும்பப் படிக்க டேட்டா தங்கும் டிஸ்க்) 150 ஜிபி, அப்லோட் பஃபருக்கு (கிளவுடுக்குப் போகக் காத்திருக்கும் டேட்டா தங்கும் டிஸ்க்) 150 ஜிபி கொடுத்தேன். சனி இரவு 10 மணிக்கு ஃபுல் பேக்கப் தொடங்கியது, முக்கால் மணி நேரம் நொடிக்கு 60 எம்பி ஓடியது, அப்புறம் 6-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. ஞாயிறு மதியம் வந்து பார்த்தால் பாதியைத்தான் தாண்டியிருந்தது. திங்கள் காலை எடைப்பாலத்தில் செம்பனைக் குலை லாரிகள் வரிசையாக நிற்கிறபோதும் பேக்கப் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு சீட்டு அடிக்க அரை நிமிடம் ஆகிறது, டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

டேப்புக்குப் போகும் ஃபுல் 800 ஜிபி, தினசரி மாற்றம் 60 ஜிபி. ஃபைபர் லைனில் அப்லோட் 50 எம்பிபிஎஸ். எவ்வளவு டிஸ்க் வாங்க வேண்டும்?

பழைய_டேப்காரன் (ஈப்போ)

தம்பி, 150 என்பது கேட்வே கிளம்புவதற்கான அளவு, உங்கள் வேலைக்கான அளவு இல்லை. பஃபர் என்பது மழைத்தண்ணீர்த் தொட்டி மாதிரி, கூரையிலிருந்து கொட்டுவதற்கும் குழாயில் போவதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அதில்தான் தேங்கும். சாஃப்ட்வேர் எழுதும் வேகத்திலிருந்து, லைன் வேகத்தைக் கம்ப்ரஷன் விகிதத்தால் பெருக்கிக் கழியுங்கள், மிச்சத்தை எழுதும் நொடிகளால் பெருக்குங்கள். நொடிக்கு 60 எம்பியில் 800 ஜிபி எழுத 13,300 நொடி, மூன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் 50 எம்பிபிஎஸ் லைன் என்பது நொடிக்குச் சுமார் 6 எம்பி. கம்ப்ரஷன் 1.5 என்று வைத்தால் அது 9, 60-இல் 9 போக 51, அதாவது 680 ஜிபி.

ஆனால் உங்கள் வேகம் 6-இல் போய் நின்றது, 9-இல் இல்லை. கேட்வே சுருக்கி அனுப்பியும் ஒன்றும் குறையவில்லை என்றுதான் அர்த்தம். பேக்கப் சாஃப்ட்வேரிலேயே கம்ப்ரஷன் ஆன் ஆகியிருக்கிறதா?

ஆலை_ஐடி

ஆமாம் அண்ணே, கம்ப்ரஷன், என்கிரிப்ஷன் இரண்டும் ஆன்.

பழைய_டேப்காரன்

அப்படியென்றால் விகிதம் 1. 60-இல் 6 போக 54, பஃபர் 720 ஜிபி. அதற்காகக் கம்ப்ரஷனை நிறுத்திவிடாதீர்கள், டேப்புக்குப் போகும் டேட்டா இன்னும் பெரிதாகும். கேஷ் குறைந்தது பஃபரின் 1.1 மடங்கு, அதாவது 800. இரண்டும் ஒரே டிஸ்கில் வேண்டாம். கொடுத்துவிட்ட டிஸ்கைப் பிறகு இழுத்துப் பெரிதாக்கவும் கூடாது, புது டிஸ்காகத்தான் சேர்க்க வேண்டும். பஃபர் மொத்தம் 2 டிபி வரைக்கும் போகலாம்.

லைன்_அறுந்தவன் (பாரிட் புந்தார்)

மேலே போட்ட கணக்கு சரி, ஆனால் அது லைன் உயிரோடு இருக்கிற இரவுக்கான கணக்கு. எங்கள் பக்கம் சாக்கடை தூர் வாரிய எக்ஸ்கவேட்டர் கேபிளை வாரி எடுத்துவிட்டது, இரண்டு நாள் ஒன்றும் இல்லை. ஃபுல் ஓடும் சனிக்கிழமை அப்படி நடந்தால் லைன் வேகம் சைபர், 800 முழுக்கப் பஃபரில் உட்காரும், அதற்கு மேல் ஞாயிறு, திங்கள் இரவுகளின் 60, 60. மொத்தம் 920 ஜிபி. எஸ்டேட் ஊரில் இருக்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும் என்பேன், 1 டிபிக்குக் குறைத்து வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்று. மேலே கிளவுடுக்குப் போய்ச் சேராத டேட்டா உங்கள் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது. சாதாரண வாரத்திலேயே 800 ஜிபி போய்ச் சேர 37 மணி நேரம், சனி இரவு தொடங்கினால் திங்கள் காலை 11. அந்த நேரத்துக்குள் ஒற்றை டிஸ்க் செத்தால் அந்த டேப் அரைகுறைதான். ஆகவே கேஷும் சரி, பஃபரும் சரி, இரண்டிரண்டு டிஸ்க் மிரர் (ஒரே டேட்டா இரண்டிலும்). நம் ஊர் சாயங்கால இடிக்கு யுபிஎஸ், ரவுட்டருக்கும் சேர்த்து.

குலை_கணக்கு (தாப்பா)

எல்லாரும் மேலே அனுப்புவதைப் பற்றியே பேசுகிறீர்கள். திரும்ப எடுப்பதையும் யோசியுங்கள். சம்பளம் 7-ஆம் தேதிக்குள் கையில் போய்ச் சேர வேண்டும், 5-ஆம் தேதி சர்வர் போய்விட்டால்? ஆர்க்கைவுக்கு, அதாவது அமேசானின் நீண்டகாலக் கிடங்குக்குப் போன டேப்பைத் திரும்ப வரவழைக்க, கிளேசியர் வகை என்றால் 3 முதல் 5 மணி நேரம், டீப் ஆர்க்கைவ் என்றால் 12 மணி நேரம் வரை, அதற்குப் பிறகுதான் டவுன்லோடே தொடங்கும். 100 எம்பிபிஎஸ் டவுன்லோடில் 800 ஜிபி இறங்க மேலும் 18 மணி நேரம். ஆகவே கடைசி ஃபுல்லும் அந்த வாரத்து மாற்றங்களும் கேஷிலேயே தங்குகிற மாதிரி வாங்குங்கள், 800-உம் ஆறு நாள் 360-உம் சேர்த்து 1,160 ஜிபி, அதனால் கேஷுக்கு 2 டிபி. அந்த வாரம் முடியும் வரை டேப்பை எஜெக்ட் பண்ணாதீர்கள், எஜெக்ட் ஆனால் ஆர்க்கைவுக்குப் போய்விடும். வருமான வரிக்காக 7 வருடம் வைக்கிற வருடக் கடைசி டேப்பை மட்டும் டீப் ஆர்க்கைவுக்கு அனுப்பினால் போதும்.

அந்த 800-இல் சம்பளமும் கணக்கும் எவ்வளவு, கேமரா படம் எவ்வளவு?

ஆலை_ஐடி

பார்த்தேன். எடைப்பாலத்துக் கேமராவே 520 ஜிபி! அதைப் புதன் இரவுக்குத் தனி ஜாப்பாகப் பிரித்தேன். சனிக்கிழமைக்கு மிச்சம் 280 ஜிபி, 13 மணி நேரத்தில் போய்விடும், ஞாயிறு மதியத்துக்குள் முடிந்தது. ஆனாலும் லைன் அறுந்தவர் சொன்னதை விடவில்லை, பஃபருக்கு 1 டிபி இரண்டு, கேஷுக்கு 2 டிபி இரண்டு என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் பஃபர் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்று பார்த்து இங்கேயே போடுகிறேன்.