வசைத்தேய்வு, செல்லவசை: பிரிட்டிஷ் வசைகளுக்கு இரண்டு சொற்கள் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் வசைச்சொற்களின் போக்குகளுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இழையை இன்றுதான் முழுதாகப் படித்தேன். மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குக் கொஞ்சம் தகராறு உண்டு.

> 'பலபொருள் வசை' என்றே வைக்கலாம். பார்த்ததும் புரிகிறது.

புரிகிறதுதான். ஆனால் வெவ்வேறு சங்கதிகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. 'பொல்லக்ஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். நேர்ப்பொருள் ஆணின் விதை. ஒருவர் பேச்சைக் கேட்டுவிட்டு 'பொல்லக்ஸ்' என்றால் சுத்தப் பேத்தல் என்று பொருள். 'நாயின் பொல்லக்ஸ்' என்றால் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, அவ்வளவு பிரமாதம். மேலதிகாரியிடம் 'பொல்லக்கிங்' வாங்கினான் என்றால் செம டோஸ். பஸ்ஸைக் கோட்டைவிட்டவர் தனக்குள் சொல்லிக்கொண்டால் வெறும் 'அடச்சே'.

இந்தச் சொல் கோர்ட்டுக்கே போயிருக்கிறது. 1977இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைக்குழு தங்கள் இசைத்தட்டின் பெயரிலேயே இதைப் போட்டது. நாட்டிங்காமில் அந்த அட்டையைக் கடை ஜன்னலில் வைத்த மேலாளர் மீது, 1889ஆம் ஆண்டின் ஆபாச விளம்பரச் சட்டப்படி வழக்கு. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கின்ஸ்லி சாட்சி சொல்ல வந்தார். ஒரு காலத்தில் பாதிரியார்களுக்கு இது பட்டப்பெயர், பாதிரியார்கள் பேத்துவார்கள் என்பதால் 'பேத்தல்' என்ற பொருள் வந்தது என்றார். அவரே பாதிரியாராகவும் இருந்தவர் என்பது கூடுதல் சுவாரஸ்யம். மேலாளர் விடுதலையானார்.

இப்படி ஒரே காலத்தில் ஒரு சொல் கிளைத்து நிற்பதற்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். நம்மிடம் 'பலபொருள் ஒருமொழி' இருக்கிறது. அதிலுள்ள 'ஒருமொழி'யை எடுத்துவிட்டு 'வசை'யை ஒட்டுவது கலைச்சொல் ஆகாது, ஒட்டுப்போட்ட சட்டைதான்.

> சூடு தணிந்துபோன கெட்ட வார்த்தைகளுக்கு 'இடக்கர்த்தேய்வு'?

அழகான சொல், நன்னூல் வாசனை வேறு; இடக்கர் என்றால் அவையில் சொல்லக் கூசும் சொல். முதலில் எனக்கும் சபலம்தான். ஆனால் 'பகர்' என்ற ஆங்கில வசை உதைக்கிறது. அது லத்தீனில் 'பல்கேரியன்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பல்கேரியாவில் போகோமில் என்ற கிறிஸ்தவப் பிரிவு ஒன்று இருந்தது. திருச்சபை அவர்களை மதவிரோதிகள் என்றது. அதனால் 'பல்கேரியன்' என்றாலே மதவிரோதி என்றாயிற்று. அப்புறம் அவர்கள் மீது ஓரினச்சேர்க்கைப் பழியும் ஏறியது. இன்றைக்கு 'பாவப்பட்ட பகர்' என்றால் ஐயோ பாவம், அந்த ஆள் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2016இல் வெளியிட்ட பட்டியலில் இது மென்மையான வசை வரிசையில் இருக்கிறது; பொல்லக்ஸ் அதற்கு அடுத்த படியில். 'கிட்' என்பதும் அப்படித்தான். ஒருவன் பெற்ற பிள்ளை என்பதிலிருந்து முறைதவறிப் பிறந்தவன் என்றாகி, இப்போது எரிச்சலூட்டும் ஆள் என்று நிற்கிறது. ஒன்று மதத்தில் தொடங்கியது, இன்னொன்று பிறப்பில். இரண்டின் தொடக்கமும் இடக்கர் இல்லை. அதனால் 'வசைத்தேய்வு' என்று அகலமாக வைப்பதே சரி.

முட்டாள் என்று திட்டும் 'பெர்க்' பற்றிக் கேட்டிருந்தார் ஒருவர். அதே பொருளில் வரும் 'பிராட்', 'பில்லக்' போல அதுவும் வசைத்தேய்வுதான், ஆனால் வந்த வழி குறும்பானது. லண்டன் கிழக்குப் பகுதிப் பேச்சில், சொல்ல வேண்டிய சொல்லுக்கு இயைபாக முடியும் தொடரைச் சொல்லிவிட்டு, இயையும் பகுதியை விழுங்கிவிடுவார்கள். 'பெர்க்லி ஹண்ட்' என்பது ஒரு நரிவேட்டைக் குழு. 'ஹண்ட்' எந்தச் சொல்லோடு இயைகிறது என்பதை இங்கே எழுத மாட்டேன்; ஆஃப்காம் பட்டியலின் உச்சியில் இருப்பது. குழூஉக்குறியும் இடக்கரடக்கலும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். இன்று பாட்டி முன்னால் பேரனை 'பெர்க்' என்று திட்டுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தால் பாட்டிக்கு முன் அவர்கள்தான் மயக்கம் போடுவார்கள்.

> நண்பர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதற்குப் 'பொய்வசை'.

இதுதான் உண்மையில் சொல் இல்லாமல் தவிக்கும் இடம். 1983இல் மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் இதை மொழிப் பயன்பாட்டின் ஒரு நெறியாகவே எடுத்துச் சொன்னார்: நெருக்கத்தைக் காட்ட, வெளிப்படையாகப் பொய்யான, வெளிப்படையாக மரியாதையற்ற ஒன்றைச் சொல். இருபது வருடம் பழகிய நண்பன் தாமதமாக வரும்போது 'வாடா கிழட்டு ஸாட்' என்று வரவேற்பது அந்த வகை ('ஸாட்' என்பது பகர் போன்ற இன்னொரு வசை). 'பொய்வசை' என்றால் அவதூறு என்று படிக்க வாய்ப்பு அதிகம். 'பொய்வழக்கு', 'பொய்சாட்சி' எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வருகின்றன அல்லவா?

அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் 'புகழாப் புகழ்ச்சி' பக்கத்தில் வருகிறது. ஆனால் அங்கே பழிப்பதுபோல் பெருமை சொல்ல வேண்டும். கிழட்டு ஸாட்டில் பெருமை எதுவும் இல்லை, உரிமை மட்டும்தான். நாம் 'செல்லமாகத் திட்டினான்' என்று தினமும் சொல்கிறோம். அதிலிருந்தே 'செல்லவசை'. குழந்தையை 'திருட்டுப் படுவா' என்று கொஞ்சுவது இதற்குள் சிக்கலில்லாமல் அடங்கும்.

ஒரு எல்லை மட்டும் போட வேண்டும். 'அதிர்ஷ்டக்கார ஸாட்' என்று முன்பின் தெரியாத லாட்டரிக்காரரைச் சொன்னால் அது செல்லவசை அல்ல. அங்கே உறவே கிடையாது. சொல் தேய்ந்து தேய்ந்து 'ஆள்' என்ற அளவில் நிற்கிறது. நம் 'எமகாதகன்' இப்படித்தான். 'கணக்கில் ஆள் எமகாதகன்' என்றால் பாராட்டு, எமன் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆக, யாரை நோக்கிச் சொன்னாலும் சூடில்லை என்றால் வசைத்தேய்வு. இன்னாரிடம் சொன்னால் மட்டும் சூடில்லை, அடுத்தவரிடம் சொன்னால் அடிதடி என்றால் செல்லவசை.

மிச்சம் இருப்பது 'ஸாட் ஆல்', 'பகர் ஆல்'. இரண்டுக்கும் 'ஒன்றுமே இல்லை' என்று பொருள். தமிழில் 'ஒரு மயிரும் இல்லை' என்பதற்கு அச்சு அசல். கவரிமாவோடு குறளில் மரியாதையாக இருந்த சொல் வசையாகி, அங்கிருந்து சூனியமாகவும் ஆகிவிட்டது. இதை வசைத்தேய்வின் உள்வகையாக வைக்கலாமா, 'இன்மைவசை' என்று தனியாகப் பிரிக்கலாமா? எனக்குத் தனியாகப் பிரிக்கத்தான் தோன்றுகிறது, ஏனென்றால் இங்கே ஆளே இல்லை, இன்மைப் பொருள் மட்டும்தான். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மற்ற இரண்டுக்கும் மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.